பாலில் ஒரு நீல வளையம்: கன்று வீச்சு நோயைக் கண்டுபிடிக்கும் கதை

ஏழு மாதச் சினையில் ஒரு பசு கன்று வீசுகிறது. முதல் நாள் மாலை வரை நன்றாகத்தான் தீனி எடுத்தது. விடியற்காலை தொழுவத்துக்குப் போனால் செத்த கன்று கிடக்கிறது, நஞ்சுக்கொடி பாதி விழுந்து பாதி தொங்குகிறது. வீட்டுக்காரர் அதை வெறுங்கையால் இழுத்துப்போட்டுக் குப்பைமேட்டில் எறிகிறார். "எங்கேயோ வழுக்கி விழுந்திருக்கும்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நாலைந்து நாளில் மாடு தெளிந்துவிடுகிறது. அசை போடுகிறது, கொஞ்சம் பாலும் தருகிறது. அந்தப் பால் சொசைட்டிக்குப் போகிறது. லாக்டோமீட்டர் சரியாக மிதக்கிறது, கொழுப்பும் சரியாக இருக்கிறது, காய்ச்சினால் திரியவில்லை. கேனில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியைச் சொல்லும் கருவி. தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லும், மாட்டுக்கு நோய் இருக்கிறதா என்று கேட்டால் அதற்குத் தெரியாது. நோயறியும் சோதனைகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அந்தக் கேள்வி எது என்று தெரியாமல் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்ற சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பதால் விவசாயிக்கும் பால் குடிப்பவருக்கும் நிறைய இழப்பு வருகிறது. அதனால்தான் இதை விளக்கமாக எழுத நினைத்தேன்.

எல்லா நோய்களையும் சொல்லப் போவதில்லை. கன்று வீச்சு நோய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மருத்துவர்கள் இதை புரூசெல்லோசிஸ் என்பார்கள். மாட்டில் இதற்குப் பெரும்பாலும் காரணம் புரூசெல்லா அபார்ட்டஸ் என்ற பாக்டீரியா. ஆட்டில் புரூசெல்லா மெலிட்டென்சிஸ். இது மாட்டிலிருந்து மனிதருக்கு வரும், பால் வழியாக வீட்டுக்குள்ளும் வரும். நோயைக் கண்டுபிடிக்கும் வழிகளில் முக்கியமான எல்லாமே இந்த ஒரு நோயில் பயன்படுகின்றன.

சினை முற்றும்போது கருப்பையில் எரித்ரிட்டால் என்ற, சர்க்கரை போன்ற ஒரு பொருள் சேர்கிறது. இந்தக் கிருமிக்கு அது நல்ல தீனி. அதனால் கிருமி அங்கே பெருகி, நஞ்சுக்கொடியைப் புண்ணாக்கி, பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கன்றை வீச வைக்கிறது. வெளியே விழும் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். அடுத்த சினையில் அதே மாடு பல சமயம் ஒழுங்காகக் கன்று போட்டுவிடும். ஆனால் கிருமி மடியிலும் நிணநீர் முடிச்சுகளிலும் தங்கிவிடும், பாலில் விட்டுவிட்டு வெளியேறும். மாடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

மனிதருக்கு வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ராத்திரியில் உடம்பு நனைய வியர்வை, இடுப்பிலும் மூட்டிலும் தீராத வலி, எழுந்து வேலை பார்க்க முடியாத அசதி. டைபாய்டு, மலேரியா என்று வேறு பெயர்களில் வைத்தியம் நடந்துகொண்டே இருக்கும். மாடு வளர்ப்பவர் டாக்டரிடம் போகும்போது, "எங்கள் வீட்டில் மாடு கன்று வீசியது" என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னால் பாதி வழி கடந்த மாதிரி. கண்டுபிடித்துவிட்டால், வழக்கமாக இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் சாப்பிட வேண்டியிருக்கும்.

மால்ட்டாவின் ஆடுகள்

இந்த நோயின் கதை மத்தியதரைக் கடலில் உள்ள மால்ட்டா தீவில் தொடங்குகிறது. அங்கே இருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் ஒரு காய்ச்சலால் மாதக்கணக்கில் படுத்தார்கள். 1887ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், இறந்த வீரரின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். கிருமி கிடைத்துவிட்டது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பதினெட்டு வருடம் தெரியவில்லை. காற்றா, கொசுவா, சாக்கடையா என்று தேடினார்கள்.

மால்ட்டாவில் அந்தக் காலத்தில் ஆட்டுக்காரர்கள் மந்தையைத் தெருவில் ஓட்டிவந்து, வீட்டு வாசலிலேயே பால் கறந்து கொடுப்பார்கள். ஆடுகள் கொழுகொழுவென்று இருந்தன. 1905ல் தெமிஸ்டோக்ளிஸ் ஸாமிட் என்ற மால்ட்டா நாட்டு மருத்துவர் ஆட்டின் ரத்தத்தைச் சோதித்தார். ஆட்டின் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரில், அந்தக் கிருமியைக் கலந்தபோது, கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாகத் திரண்டன. நோய் கண்ட மனிதரின் சீரத்தில் நடப்பதும் அதுதான். அப்புறம் பாலைப் பார்த்தார்கள், கிருமி அதிலும் இருந்தது. 1906ல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். படையில் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

ஆட்டைப் பார்த்து எதுவும் தெரியாத இடத்தில் ஒரு துளி சீரம் சொல்லிவிட்டது. அந்தத் திரிதல் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால், இன்று தொழுவத்திலும் பண்ணையிலும் செய்யும் சோதனைகளில் பாதி புரிந்துவிடும்.

உடம்புக்குள் கிருமி நுழைந்தால், உடம்பு அதற்கென்றே எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும். ஆன்டிபாடி என்பது இதைத்தான். இவை மிகச் சிறிய புரதங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை. ஒரு கையால் ஒரு கிருமியையும் மறு கையால் இன்னொரு கிருமியையும் பிடிக்கும். லட்சக்கணக்கான எதிர்ப்பொருள்கள் இப்படிப் பிடித்தால், தனித்தனியாக மிதந்த கிருமிகள் கொத்தாகச் சேர்ந்து, பால் திரிவது போல நம் கண்ணுக்கே தெரியும். உயிருள்ள கிருமி இதற்குத் தேவையில்லை. கொன்று, சாயம் ஏற்றிய கிருமி போதும். ஆய்வகங்களில் இதை ஆன்டிஜென் என்று சிறு குப்பிகளில் வைத்திருப்பார்கள்.

ரோஸ் பெங்கால் சோதனை இப்படிப்பட்டதுதான். வெள்ளைத் தட்டில் மாட்டின் சீரம் ஒரு சிறு துளி, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய ஆன்டிஜென் அதே அளவு. இரண்டையும் கலந்து நான்கு நிமிடம் மெதுவாக ஆட்ட வேண்டும். சின்னச் சின்னச் சிவப்புத் திரிகள் தோன்றினால் பாசிட்டிவ், கலவை மழமழவென்று அப்படியே இருந்தால் நெகட்டிவ். மின்சாரம் வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். ஆன்டிஜெனை வேண்டுமென்றே புளிப்பாக, பி.எச். அளவு சுமார் 3.65 இருக்கும்படி வைத்திருப்பார்கள். எதற்கென்றால், கண்டபடி ஒட்டிக்கொள்ளும் சிலவகை எதிர்ப்பொருள்கள் அந்தப் புளிப்பில் அடங்கிவிடும். நான்கு நிமிடத்தைத் தாண்டிப் பார்க்கக் கூடாது. துளி காய ஆரம்பித்தால் நோய் இல்லாத மாட்டுக்கும் திரி வந்தது போலத் தோன்றும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை பால் வளையச் சோதனை. 1937ல் ஜெர்மனியில் ஃப்ளைஷ்ஹவர் என்பவர் கண்டுபிடித்தது. ஊசி குத்தத் தேவையில்லை, மாட்டைக் கட்டிப் பிடிக்கத் தேவையில்லை. ஒரு மில்லி பாலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, நீலச் சாயம் ஏற்றிய செத்த கிருமியை ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒரு மணி நேரத்தில் பாலின் ஆடை மெல்ல மேலே ஏறும். பாலில் எதிர்ப்பொருள் இருந்தால், அது நீலக் கிருமிகளைக் கொத்தாகச் சேர்த்து, அந்தக் கொத்தைக் கொழுப்பு உருண்டைகளோடும் ஒட்டவைத்துவிடும். கொழுப்பு மேலே ஏறும்போது நீலமும் கூடவே ஏறும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கீழே பால் வெள்ளையாகவும் உச்சியில் ஒரு நீல வளையமும் இருக்கும். எதிர்ப்பொருள் இல்லை என்றால் நீலம் பால் முழுக்கக் கலந்தே நிற்கும், மேலே ஆடை மட்டும் வெள்ளையாக இருக்கும். பால் மேலேற்றும் ஆடையையே கருவியாக ஆக்கிக்கொண்ட இந்த யோசனையை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பல மாட்டுப் பால் சேர்ந்த கேனிலிருந்தும் இதைச் செய்யலாம் என்பது பெரிய வசதி. பத்து ஊர்க் கேன்களைப் பார்த்து, வளையம் வந்த ஊருக்கு மட்டும் போய், அங்கே ஒவ்வொரு மாட்டுக்கும் ரத்தம் எடுத்தால் போதும். ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. பாலைக் காய்ச்சியிருக்கக் கூடாது, உறைய வைத்திருக்கக் கூடாது, பலமாகக் குலுக்கியிருக்கக் கூடாது. சீம்பாலிலும் மடிநோய் வந்த மாட்டுப் பாலிலும் நோய் இல்லாமலே வளையம் வரலாம். ஆட்டுப்பாலுக்கு இது சரிப்படாது. அதன் கொழுப்பு பசும்பாலைப் போல ஒன்றுகூடி மேலே ஏறுவதில்லை. எருமைப்பாலிலும் இதை முழுமையாக நம்ப முடியாது. அந்த இடங்களில் எலைசா என்ற சோதனை உதவுகிறது. அதுவும் எதிர்ப்பொருளைத் தேடுவதுதான். திரி வருகிறதா என்று கண்ணால் பார்ப்பதற்குப் பதிலாக, நிறம் எவ்வளவு மாறுகிறது என்பதைக் கருவியால் அளக்கிறார்கள்.

பாசிட்டிவ் என்றால் என்ன பொருள்?

இதுவரை சொன்ன எல்லாச் சோதனைகளும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த மாட்டின் உடம்பு இந்தக் கிருமியை எப்போதாவது சந்தித்திருக்கிறதா? கிருமி இப்போது பாலில் இருக்கிறதா என்று இவை கேட்கவில்லை.

தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரி நோயோடு கன்று வீச்சு நோயும் சேர்ந்திருக்கிறது. நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே ஒரு முறை 'எஸ்19' என்ற தடுப்பூசி போடுகிறார்கள். இது வலுக்குறைந்த, ஆனால் உயிருள்ள கிருமி. உடம்பு இதையும் சந்திக்கிறது, எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்த மாட்டை ரோஸ் பெங்காலில் பார்த்தால் திரி வரலாம். சிறு வயதிலேயே போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது போட்டால் மாடு பெரிதாவதற்குள் அந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் குறைந்துவிடும். காதில் மஞ்சள் தோடு மாட்டி அதில் 12 இலக்க எண் போடுவதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். ஆனால் இந்த மாட்டுக்கு எப்போது என்ன ஊசி போட்டார்கள் என்று ஆய்வகத்துக்குச் சொல்வது அந்த எண்தான். தோட்டைக் கழற்றிவிட்டால் சோதனை முடிவுக்குப் பொருள் சொல்வதே கஷ்டமாகிவிடும்.

இன்னொரு சிக்கல், எர்சினியா என்ற வேறொரு பாக்டீரியாவில் ஒரு வகை. அதன் மேல்தோல் புரூசெல்லாவின் மேல்தோலைப் போலவே இருக்கும். அது வந்துபோன மாட்டிலும் திரி வரலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. எண்கள் என் கற்பனை, விஷயம் உண்மை. ஒரு ஒன்றியத்தில் 1,000 மாடுகள், அதில் நோய் உள்ளவை 20 என்று வைத்துக்கொள்வோம். சோதனை நல்ல சோதனைதான். நோய் உள்ள 20ல் 19ஐப் பிடித்துவிடும், நோய் இல்லாத 100 மாட்டில் இரண்டுக்கு மட்டும் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். நோய் இல்லாதவை 980. அதில் தவறாகச் சிக்குபவை ஏறத்தாழ 20. ஆக மொத்தம் 39 மாடுகள் பாசிட்டிவ். அதில் பாதிக்கு மேல் நோயே இல்லாத மாடுகள்!

இப்போது அதே சோதனையை, அடுத்தடுத்துக் கன்று வீசிய ஒரு பண்ணையில் செய்கிறோம். 100 மாட்டில் 40க்கு நோய். பிடிபடுபவை 38. நோயில்லாத 60ல் தவறாகச் சிக்குவது ஒன்றோ இரண்டோ. இங்கே பாசிட்டிவ் என்றால் ஏறக்குறைய உறுதி. தட்டில் தெரிகிற சிவப்புத் திரி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பொருள்தான் தலைகீழாக மாறிவிட்டது. எனவேதான் முதல் சோதனையில் சிக்கிய மாட்டை இன்னொரு முறையிலான சோதனையால் உறுதிசெய்கிறார்கள். முதல் தாளை மட்டும் பார்த்துவிட்டு மாட்டை ஒதுக்குவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

நெகட்டிவ் என்ற தாளையும் இதே நிதானத்தோடு படிக்க வேண்டும். கன்று வீசிய அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் இன்னும் போதிய அளவு உருவாகாமல் இருக்கலாம். மூன்று வாரம் கழித்து எடுத்தால் வரும். நோயுள்ள தாய்க்குப் பிறந்த சில கிடாரிகள், கிருமியைச் சுமந்துகொண்டே, முதல் கன்று போடும் வரை எல்லாச் சோதனையிலும் நெகட்டிவாக இருக்கும். எண்ணிக்கையில் இவை குறைவுதான். ஆனால் நோய் போய்விட்டது என்று நினைத்த பண்ணையில் அது மறுபடி தலைகாட்டுவது இப்படித்தான்.

கிருமியையே தேடுவது

சரி, கிருமி இப்போது இருக்கிறதா என்றே நேரடியாகக் கேட்க முடியாதா? முடியும். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, வளர்த்துப் பார்ப்பது. வீசிய கன்றின் வயிற்று நீர், நுரையீரல், மண்ணீரல், நஞ்சுக்கொடி இவற்றிலிருந்து மாதிரி எடுத்து, கிருமிக்குப் பிடித்த உணவு உள்ள தட்டில் இட்டு, வளர்கிறதா என்று காத்திருப்பது. வளர்ந்துவிட்டால் அதை மறுத்துப் பேச எதுவும் இல்லை. ஆனால் பல நாள் ஆகும், சில சமயம் வாரக்கணக்கில். ஆபத்தும் உண்டு. மிகக் குறைந்த எண்ணிக்கையில் மூச்சோடு உள்ளே போனாலே நோய் தரக்கூடிய கிருமி இது. ஆய்வகப் பணியாளர்களுக்கே தொற்றிய வரலாறு நிறைய. எனவே உயர் பாதுகாப்பு உள்ள ஆய்வகத்தில்தான் வளர்க்க வேண்டும்.

இரண்டாவது, பி.சி.ஆர். கொரோனா காலத்துக்குப் பிறகு இந்தப் பெயர் தெரியாதவர் இல்லை. கிருமியின் மரபணுவில் அதற்கே உரிய ஒரு சிறு துண்டைப் பல கோடி நகல்களாகப் பெருக்கிப் பார்ப்பது. சில மணி நேரத்தில் பதில் வரும். பாலிலும் செய்யலாம், திசுவிலும் செய்யலாம். ஆனால் இது கேட்கும் கேள்வியையும் கவனியுங்கள்: இந்த மாதிரியில் கிருமியின் மரபணு இருக்கிறதா? செத்த கிருமிக்கும் மரபணு உண்டு. நன்றாகக் காய்ச்சிய பாலிலும் பி.சி.ஆர். பாசிட்டிவ் வரலாம், அந்தப் பால் குடிக்கப் பாதுகாப்பானதாகவே இருக்கும். அதேபோல, மடியிலிருந்து கிருமி விட்டுவிட்டுத்தான் வெளியேறும் என்று முன்பே சொன்னேன். இன்றைய பாலில் இல்லை என்பதால் நாளைய பாலிலும் இருக்காது என்று சொல்ல முடியாது.

உணவு என்று வரும்போது கேள்வியே மாறிவிடுகிறது. ஆயிரக்கணக்கான மாடுகளின் பால் கலந்த டேங்கரில் ஒவ்வொரு கிருமியாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பால் பண்ணைகள் கேட்பது, இந்தப் பால் போதிய அளவு சூடாக்கப்பட்டதா என்பதைத்தான். பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்தால் புரூசெல்லாவும் காசநோய்க் கிருமியும் செத்துவிடும். பச்சைப்பாலில் இயற்கையாகவே ஃபாஸ்ஃபடேஸ் என்ற ஒரு நொதி இருக்கிறது. அது அழிவதற்கு வேண்டிய சூடு, அந்தக் கிருமிகள் சாவதற்கு வேண்டியதைவிடச் சற்றே அதிகம். ஆகவே சூடாக்கிய பாலில் அந்த நொதி மிச்சம் இல்லை என்றால் கிருமியும் மிச்சம் இல்லை என்று கொள்ளலாம். நொதி மிச்சம் இருந்தால் சோதனைக் கரைசல் மஞ்சளாக மாறும். சூடு போதவில்லை, அல்லது பின்னால் பச்சைப்பால் கலந்திருக்கிறது என்று பொருள். இந்த எளிய சோதனை 1930களிலிருந்து பழக்கத்தில் இருக்கிறது.

நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சுவது பழக்கம். தயிருக்குக்கூடக் காய்ச்சிய பாலில்தான் உறை ஊற்றுகிறோம். இந்தப் பழக்கம் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் 'உடம்புக்கு நல்லது' என்று குழந்தைக்கு ஆட்டுப்பாலைக் கறந்த சூட்டோடு கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஆரோக்கியமாகத் தெரிந்த மால்ட்டா ஆடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இறைச்சியில் இந்தக் கிருமி அதிகம் தங்குவதில்லை. தசையில் குறைவாகவே இருக்கும், சமைத்தால் செத்துவிடும். அங்கே ஆபத்து உண்பவருக்கு அல்ல, கையில் கீறலோடு கருப்பையையும் மடியையும் அறுப்பவருக்குத்தான். இறைச்சிக் கூடங்களில் அறுக்கும் முன்பும் பின்பும் மருத்துவர் பார்வையிடுவது வேறு பல நோய்களுக்கும் சேர்த்து. அதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பாக ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலை அறுத்துப் பார்க்கவே கூடாது. காற்றுப் பட்டால் அந்தக் கிருமி பல ஆண்டுகள் மண்ணில் வாழும் வித்துகளாக மாறிவிடும். காது ரத்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் தகட்டில் எடுத்தால் கண்டுபிடிக்கப் போதும், அதையும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

கன்று வீசிய காலையில்

மறுபடி அந்தத் தொழுவத்துக்கு வருவோம். அங்கே செய்யக்கூடியவை அதிகம் இல்லை, ஆனால் எல்லாமே அந்தக் காலையிலேயே செய்ய வேண்டியவை. முதலில் வெறுங்கையால் எதையும் தொடக் கூடாது. கையுறை இல்லை என்றால் தடிமனான இரண்டு பிளாஸ்டிக் பையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள், வாயையும் மூக்கையும் துணியால் கட்டுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. நாயைக் கட்டிப்போடுங்கள். நஞ்சுக்கொடியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோவது நாய்தான். கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள், 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். அவர் வந்து மாதிரி எடுக்கும் வரை கன்றையும் நஞ்சுக்கொடியையும் மூடி வையுங்கள். குப்பைமேட்டில் எறிந்துவிட்டால் கிருமியைத் தேட இருந்த மிகச் சிறந்த மாதிரி போய்விடும். மாதிரி எடுத்த பிறகு, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அந்த இடத்துத் தரையையும் வைக்கோலையும் சும்மா விடக் கூடாது.

ரத்தம் எடுத்த குப்பியைக் குலுக்காமல் அசையாமல் வைத்தால்தான் சீரம் தெளிவாகப் பிரியும். குலுக்கினால் செவ்வணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும், பிறகு முடிவு சொல்ல முடியாது. குப்பியில் தோட்டு எண், கன்று வீசிய தேதி, தடுப்பூசி போட்டதா என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. மாதிரி அங்கே போகும்.

தாளில் பாசிட்டிவ் என்று உறுதியாக வந்தால் மாட்டைத் தனியே கட்ட வேண்டும், அடுத்த ஈற்றின்போது இன்னும் தள்ளிக் கட்ட வேண்டும். மாட்டுக்கு நம்பிக்கையான மருந்து இல்லை. இந்த நேரத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தோன்றுவது, விற்றுவிடலாம் என்பதுதான். கடன் வாங்கி மாடு வாங்கியவர் அப்படி நினைப்பதில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பொள்ளாச்சிச் சந்தையிலோ கருங்கல்பாளையம் சந்தையிலோ அந்த மாட்டை வாங்குபவரும் அவரைப் போலவே கடன் வாங்கி வந்தவர்தான். வாங்குபவர் பக்கம் நின்றும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வாங்கிய மாட்டை மூன்று நான்கு வாரம் தனியே கட்டி, ரத்தம் பார்த்த பிறகே மந்தையோடு சேருங்கள்.

முதல் சோதனை நெகட்டிவாக வந்திருந்தால், கன்று வீசிய நாளிலிருந்து மூன்று வாரத்தை எண்ணி நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ரத்தம் அன்றைக்கு எடுக்க வேண்டும். அதுவரை அந்தப் பசுவின் பாலைத் தனியே கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போங்கள்.